சுவரில் இருந்த கறை

அப்பா மாடிப்படியில் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இடுப்பு தப்பியது, மணிக்கட்டு உடைந்தது. விசாரித்தவர்களிடமெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: “நல்லாத்தான் இருந்தார், திடீர்னு விழுந்துட்டார்.”

நாலைந்து நாள் கழித்து அதே படியில் ஏறும்போது சுவரைப் பார்த்தேன். என் இடுப்புக்குச் சற்று மேலே, படியோடு கூடவே ஏறிப் போகிறது ஒரு பழுப்புக் கறை. உள்ளங்கை அழுக்கு. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கி ஒரு வருஷமாவது ஆகியிருக்கும். அந்தக் கறையை நானே இரண்டு முறை சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்திருக்கிறேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. யார் கை என்று யோசிக்கவே இல்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நான் மணியைத் துடைத்து மாட்டிவிட்டு, யானையைப் பார்த்துத் திடுக்கிட்டவன்.

அந்த வாரம் ஒரு நோட்டு போட்டேன். ஞாயிறு இரவு பத்து நிமிஷம். முதல் கேள்வி: இந்த வாரம் வீட்டில், வேலையில், உடம்பில் எது லேசாக மாறியிருக்கிறது? ஆரம்பத்தில் ஒன்றுமே தோன்றாது. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு மாதம் போனபின் கண் பழகியது. மகள் இப்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். வழக்கமாக அன்றே பதில் போடும் வாடிக்கையாளர் மூன்று நாள் எடுத்துக்கொள்கிறார். எதற்கும் அர்த்தம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. மூன்று ஞாயிறு தொடர்ந்து ஒரே விஷயம் வந்தால் மட்டும் அடியில் கோடு போடுவேன்.

இரண்டாவது வேலை கணிப்பு. என்ன நடக்கும், எந்தத் தேதிக்குள், எத்தனை சதவீதம் நம்புகிறேன். சதவீதம் போடாவிட்டால், நடந்தபின் “நான் அப்பவே நினைச்சேன்” என்று நமக்கு நாமே புளுகிக்கொள்ள வசதியாகிவிடும். மதிப்பெண் போடும் முறையை வானிலைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். கிளென் பிரையர் என்ற வானிலை ஆய்வாளர் 1950இல் எழுதிய கணக்கின் எளிய வடிவம் அது. 80 சதவீதம் என்று சொன்னது நடந்துவிட்டால் மீதமுள்ள 0.2இன் வர்க்கம், 0.04. நடக்காவிட்டால் 0.8இன் வர்க்கம், 0.64. எண் குறையக் குறைய நல்லது. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது ஐம்பது என்று எழுதினாலே 0.25 வந்துவிடும்.

முதல் வருஷம் என் சராசரி 0.29. ஒன்றும் யோசிக்காமல் இருந்திருந்தால் இதைவிட நன்றாகத் தேறியிருப்பேன்! என் மனைவி சிரித்த சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆனது.

எங்கே கோட்டை விட்டேன் என்று பார்த்தால், பாதிக்கு மேல் என் வேலையை நானே எப்போது முடிப்பேன் என்ற கணிப்புகள். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் டிவர்ஸ்கியும் 1979இலேயே இந்தப் புத்திக்கோளாறுக்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கல்லூரி மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்களாம். ஆனது 55 நாளுக்கு மேல். இப்போது நான் மனதைக் கேட்பதில்லை, பழைய நோட்டைக் கேட்கிறேன். கடைசி மூன்று கையேடுகளுக்கு எத்தனை நாள் ஆனதோ, நாலாவதற்கும் அதுதான். இந்த ஒரு பழக்கத்தாலேயே அடுத்த வருஷம் 0.19க்கு இறங்கினேன்.

கையேடு என்றதும் என் பெரிய சறுக்கலைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரங்களுக்கான பயன்பாட்டுக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் தொழில். 2016இன் இறுதியில் கூகுள் தன் மொழிபெயர்ப்பை, எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாற்றத் தொடங்கியது. 2017இல் அது தமிழுக்கும் வந்தது. அந்த நாட்களில் நானும் நண்பர்களும் செய்தது என்ன? அது செய்த தப்புகளைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பி வயிறு வலிக்கச் சிரித்தோம். போகப் போக அனுப்பும் படங்கள் குறைந்தன. சிரித்துச் சிரித்துச் சலித்துவிட்டது என்று நினைத்தோமே தவிர, தப்புகள் குறைந்துவிட்டன என்று எங்களில் ஒருவர்தான் கவனித்தார். அவர் இயந்திர மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் பணிக்குப் போய், அங்கே பெயரெடுத்த பிறகுதான் நாங்கள் எழுந்தோம். எனக்கு இரண்டு வருஷம் தாமதம். இப்போது ஒரே ஒரு பக்கத்தை வைத்திருக்கிறேன், எப்போதும் அதே பக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இயந்திரத்திடம் கொடுத்துத் தப்புகளை எண்ணி எழுதுகிறேன். இன்றைக்கு எத்தனை தப்பு என்பதைவிட, போன தடவைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. கெடட்டும்.

ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்று ஒரு திட்டவியலாளர் இருந்தார். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு முன்பே, அப்படியொன்று வரலாம் என்று மேலாளர்களை யோசிக்க வைத்தவர். அவர் கங்கையை உதாரணம் காட்டுவார். மேலே மலையில் கனமழை கொட்டிவிட்டால், முதலில் ரிஷிகேஷ், பிறகு அலகாபாத், பிறகு காசி என்று வெள்ளம் வந்தே தீரும். அது ஜோசியம் இல்லை, பெய்து முடிந்த மழை. நம் வீட்டிலும் பெய்து முடிந்த மழைகள் நிறைய இருக்கின்றன. பெற்றோரின் வயது, பிள்ளையின் வகுப்பு, கடனின் கடைசித் தவணை. நாள்காட்டியிலேயே இருப்பவை. அதனாலோ என்னவோ, அவற்றுக்குத்தான் நான் கொஞ்சமும் தயாராக இல்லை.

அப்பாவைக் கீழறைக்கு மாற்றும்போது இன்னொரு உத்தியைப் பிடித்துக்கொண்டேன். கேரி கிளைன் என்ற உளவியலாளர் சொன்னது. திட்டம் தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று கேட்பது. எல்லோரையும் உட்கார வைத்து, “ஆறு மாசம் ஆச்சு, தாத்தா மறுபடி விழுந்துட்டார். எப்படி?” என்றேன். குளியலறை, விளக்கு, செருப்பு என்று பெரியவர்கள் நாங்கள் அடுக்கினோம். அப்போது பதின்மூன்று வயதான மகள் மட்டும், “அவருக்குக் கீழ போரடிச்சிருக்கும். நாம இல்லாதப்ப மாடிக்கு ஏறியிருப்பார். ரேடியோ அங்கதானே இருக்கு” என்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அன்று மாலையே ரேடியோவும் சன்னலோர நாற்காலியும் கீழே இறங்கின. கட்டில் மறுநாள்தான்.

“எல்லாத்துக்கும் நோட்டு போட்டா வாழறது எப்போ?” என்பாள் மனைவி. நியாயமான கேள்வி. நடுவில் சில மாதம் அது நோட்டாக இல்லை, கவலைப் பட்டியலாகத்தான் இருந்தது. ராத்திரி எழுந்து எழுதியதெல்லாம் உண்டு. பிறகு ஒரு வரம்பு வைத்தேன்: தெரிந்துகொண்டு நான் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் மட்டும் எழுதுவது. கணிக்கவே முடியாதவற்றுக்கு வியாழக்கிழமைகளைக் காலியாக விடுகிறேன். பெருந்தொற்று வந்தபோது என் நோட்டு இல்லை, இருந்திருந்தாலும் அதில் அது இருந்திருக்காது. அப்போது கைகொடுத்தது ஏற்றுக்கொள்ளாமல் விட்டிருந்த வேலைகளால் மிஞ்சிய நேரமும் கொஞ்சம் கையிருப்பும்தான்.

மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. பெய்து முடிந்த மழை. போன ஞாயிறு எழுதினேன்: “படிக்க வெளியூர் போவாள், 90%.” அதன் கீழே, “அதன்பிறகும் நாங்கள் இதே வீட்டில்தான் இருப்போம், 85%.”

திங்கள் காலை நோட்டைத் திறந்தபோது, இரண்டாவது வரியில் 85ஐ ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 40 என்று எழுதியிருந்தது. மனைவியின் கையெழுத்து. இதுவரை அவள் அந்த நோட்டைத் தொட்டதில்லை.

இன்றைக்கு வியாழன், காலி நாள். அவள் வேலை முடிந்து வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.