இரண்டாவது சி.டி. ஸ்கேன் தேவைப்படாமல் போனது

எங்கள் ஏழு வயது மகன் பள்ளியில் சறுக்குமரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தான். மூன்று தடவை வாந்தி, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி சொருகிக்கொண்டான். டாக்டர் உடனே தலைக்கு சி.டி. ஸ்கேன் எழுதினார். அந்த ஸ்கேன் அவசியம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

அறைக்குள் அவன் அசையாமல் இருக்க யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார் டெக்னீசியன். என் மனைவி அப்போது ஐந்து மாதம், அவள் காலை எடுத்து வைப்பதற்குள் "அக்கா, நீங்க வெளியே இருங்க" என்று தடுத்துவிட்டு எனக்கு எக்ஸ்-ரே கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனை மாட்டிவிட்டார். அரிசி மூட்டையைத் தோளில் போட்ட மாதிரி இருந்தது. இவனுக்கு வயிற்றில் ஒன்றும் போர்த்தவில்லையே தம்பி என்று பதறினேன். கதிர் படுவது தலையில் மட்டும், அங்கிருந்து சிதறி வயிற்றுப் பக்கம் போவது மிகக் கொஞ்சம், அதுவும் உடம்புக்குள்ளேயே போவதால் மேலே போர்த்தினால் நிற்காது, பெரியவர்களுக்கு வைக்கும் அளவைக் குழந்தைக்கு ஏற்றபடி குறைத்து வைத்திருப்பதுதான் நிஜமான பாதுகாப்பு என்று பொறுமையாகச் சொன்னார். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

மண்டையோட்டில் மெல்லிய விரிசல், ரத்தக்கசிவு இல்லை. கண்காணிப்புக்காக மதுரைக்கு அனுப்பினார்கள். பிரச்சினை அங்கேதான். நாங்கள் கொண்டுபோன ஃபிலிமில் படங்கள் தபால்தலை அளவில் இருந்தன, டியூட்டி டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "இன்னொரு சி.டி. எடுத்துடலாம்" என்றார். தலை சி.டி. ஒன்றில் படும் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), இயற்கையிலேயே நம்மேல் ஒரு வருடம் முழுக்கப் படும் கதிர்வீச்சின் உலக சராசரி 2.4. பெரிய ஆபத்து இல்லைதான். ஆனால் வளரும் உடம்பு, செல்கள் வேகமாகப் பிரியும் வயது, இன்னும் எத்தனையோ வருடம் வாழ வேண்டிய பிள்ளை. காரணம் இல்லாமல் ஒரே நாளில் இரண்டு தடவை எதற்கு?

"டாக்டர், காலையில் எடுத்த முழுப் படங்களும் கம்ப்யூட்டரில் பார்க்கிற மாதிரி கிடைத்தால் போதுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பையன் இப்போது நன்றாகப் பேசுகிறான், அதனால் காத்திருக்கலாம், ஆனால் மயக்கமோ வாந்தியோ திரும்பினால் கேட்காமல் எடுப்பேன் என்றார். நியாயமான பேச்சு, ஒத்துக்கொண்டேன்.

மச்சானுக்கு போன் போட்டு "ஸ்கேன் சென்டரில் சிடி வாங்கிட்டு வா" என்றால், "சி.டி.தான் எடுத்தாச்சே மாமா" என்கிறான்! தட்டுடா, வட்டமாக இருக்குமே என்று விளக்குவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. அங்கே மூடும் நேரம், கெஞ்சித்தான் பதிவு செய்து வாங்கியிருக்கிறான். பஸ்ஸில் கொண்டு வந்து சேர்த்தபோது இரவு பத்தரை. ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் அவற்றை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துவிட்டு, இதுவே போதும், மறு ஸ்கேன் வேண்டாம் என்றார். இரவு முழுக்க மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். மறுநாள் மாலை வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஃபிலிமோடு திருப்தியாகிவிடாதீர்கள். பணம் கட்டும்போதே தட்டிலோ பென் டிரைவிலோ முழுப் படங்களும் வேண்டும் என்று கேளுங்கள். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.