முட்டியை எப்போது கழற்றுவது?

சீப்ரா ஃபிஞ்ச் என்னும் சிறு கூண்டுப் பறவையை வளர்க்க விரும்பி என்னிடம் வருபவர்கள், அவற்றை எப்படி முட்டையிட வைப்பது என்றே முதலில் கேட்கிறார்கள். அதற்கு ஆலோசனையே தேவையில்லை. கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டுள்ள சேவலையும் அது இல்லாத பெட்டையையும் ஒரே கூண்டில் விட்டு, சிறிய மண்முட்டி ஒன்றை மேலே கட்டி, விரல் நீளத்துக்கு வெட்டிய தேங்காய்த் தும்பைப் போட்டால், மிகுதியை அவையே பார்த்துக்கொள்ளும். (தும்பு நீளமாக இருந்தால் குஞ்சுகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.) நிறுத்துவதுதான் கடினம். அதை ஒரு பெட்டையை இழந்த பிறகே நான் கற்றேன்.

இப்பறவையின் சொந்த இடம் அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அங்கே மழை எப்போது வரும் என்பதற்கு நிச்சயமில்லாததால், மழை பெய்து புல் விதை பிடிக்கும் காலத்தைத் தவறவிடாமல் குஞ்சு பொரிக்க அதன் உடல் பழகியிருக்கிறது. நாமோ தினமும் காலையில் புதுத் தண்ணீரும் தினையும் சாமையும் வைக்கிறோம். அதன் கணக்கில் மழை ஓயவே இல்லை.

என் முதற் சோடி ஐந்து முட்டைகள் இட்டு, இரண்டும் மாறி மாறி அடைகாத்து, இரண்டு கிழமைக்குள் குஞ்சு பொரித்தன. மூன்று கிழமையில் குஞ்சுகள் முட்டியை விட்டு வெளியே வந்தன. சேவல் அவற்றுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே பெட்டை அடுத்த அடைக்கு இருந்துவிட்டது. எனக்குப் பெருமை வேறு. நான்காவது அடைக்கு முட்டையிடத் தொடங்கிய நாட்களில், ஒரு விடியற்காலை அது கூண்டின் தரையில் இறகு சிலிர்த்து, கண்களைப் பாதி மூடி, வாலை ஏற்றி இறக்கி முக்கிக்கொண்டிருந்தது. மின்குமிழை அருகில் வைத்துச் சூடு காட்டியும் மத்தியானத்துக்குள் இறந்துவிட்டது. முட்டை உள்ளேயே தங்கியிருந்தது. முட்டை ஓட்டுக்கு மட்டுமன்றி, முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்குவதற்கும் கல்சியம் வேண்டும். அடுத்தடுத்து இட்ட முட்டைகளுக்கே அதன் உடலிலிருந்த கல்சியம் குறைந்து போயிருந்தது.

“பெத்தவளுக்கு ஒரு மாதம் பத்தியம் வைக்கிறம், இதுக்கு ஒண்டும் இல்லையோ?” என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இப்போது திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடுகளைப் பொறுக்கி வந்து, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று நாள் ஊறவைத்து உப்பை எடுத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, மெத்தென்ற பக்கம் உள்ளே இருக்கும்படி கம்பியில் கட்டுகிறேன். முட்டையிடும் நாட்களில் பெட்டை அதையே சுரண்டிக்கொண்டிருப்பதால், அலகு மாப்பூசியது போல வெளுத்திருக்கும். இரண்டு அடை, மிஞ்சினால் மூன்று. அதன் பின் முட்டியைக் கழற்றி, சத்துக்காக அவித்த கோழிமுட்டை கொடுப்பதையும் நிறுத்திவிடுகிறேன். முட்டி இல்லாவிட்டால் தீனிக் கோப்பைக்குள் முட்டையிட்ட பெட்டையும் உண்டு. அப்படியானால் சோடியைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் முட்டியே கட்டுவதில்லை. வெப்பம் 26 பாகையைத் தாண்டும்போது, அடைகாக்கும் சீப்ரா ஃபிஞ்ச் முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குத் தனிக் குரல் கொடுக்கிறது என்றும், அதைக் கேட்டுப் பொரித்த குஞ்சுகள் வெப்பத்தில் சிறிய உடலோடு வளர்கின்றன என்றும் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016 இல் எழுதினார்கள். திருகோணமலையில் 26 பாகை என்றால் போர்வை தேடுவோம். ஆனியிலும் ஆடியிலும் எங்கள் விறாந்தையில் இருக்கும் ஒரு முட்டிக்குள் அந்தத் தாய் எவ்வளவு சொல்ல வேண்டியிருக்கும்!

போன கிழமை இப்போதைய சோடியின் முட்டியைக் கழற்றினேன். சேவல் மூன்று நாளாக ஒரு தும்பை அலகில் கவ்வியபடி, முட்டி தொங்கிய கொக்கியடிக்கு வந்து வந்து போனது. நேற்றுத்தான் அதைத் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டுவிட்டுத் தினை கொத்தப் போனது.