ஆத்தே போடும் ஓட்டு

ஹாங்காங்கில் ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பக்கம் போனால் சேட்டர் சாலையில் கார் ஓடாது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, அதன்மேல் வீட்டு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். எச்எஸ்பிசி தலைமையகத்துக்கு அடியிலும் அப்படித்தான். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாருமே "பாவம், போக்கிடம் இல்லாம தெருவுல கிடக்குதுங்க" என்பார்கள். பாதி உண்மை. வேலை செய்யும் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது இங்கே சட்டம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. நாலு பேர் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் தெருதான்.

எங்கள் வீட்டில் வேலை பார்ப்பவர் இலோகோஸ் நோர்ட்டே மாகாணத்துக்காரர். மகள் "ஆத்தே" என்று கூப்பிடுவாள், அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தம். நாங்களும் அப்படியே. அவர் மட்டும் என்னை "மாம்" என்பதை விடமாட்டேன் என்கிறார். ஒருமுறை அவரோடு சென்ட்ரல் போனபோதுதான் புரிந்தது, அந்தக் கூட்டம் கண்டபடி உட்கார்ந்த கூட்டம் இல்லை. இலோகோஸ்காரர்கள் ஒரு பக்கம், இலோய்லோக்காரர்கள் இன்னொரு பக்கம் என்று ஊர்வாரியாக இடம். ஒரு ஓரத்தில் நகப்பூச்சு, நடுவில் சாப்பாட்டு டப்பாக்கள். மனுவில் கையெழுத்து வாங்க வருகிற பெண்ணும் ஊர் ஊராகத்தான் வருகிறாள். ஊர்ச் சங்கத் தலைவி பேனாவை எடுத்தால் மற்றவர்களும் எடுக்கிறார்கள்.

இந்தக் கையெழுத்துப் பழக்கத்துக்கு ஒரு வகையில் அன்றைய பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், அப்பா மார்கோஸுக்கு. 1982 கடைசியில் ஓர் ஆணை போட்டார்: வெளிநாட்டில் வீட்டு வேலை செய்பவர்கள் சம்பளத்தில் பாதியைக் கட்டாயமாக வங்கி வழியே நாட்டுக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் பாஸ்போர்ட் புதுப்பிக்கப்படாது. அதை எதிர்த்துத்தான் ஹாங்காங்கில் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றுசேர்ந்தன. 1985-ல் ஆணை வாபஸ். அதே ஆண்டு பிறந்த கூட்டமைப்புதான் யூனிஃபில். இன்றும் இருக்கிறது.

அதன் பிறகு அவர்கள் எதிர்த்தது பெரும்பாலும் எங்களைப் போன்ற முதலாளிகளுக்கு வசதியான சட்டங்களை. 1987-லிருந்து ஒப்பந்தம் முறிந்தால் இரண்டு வாரத்துக்குள் ஹாங்காங்கை விட்டுக் கிளம்ப வேண்டும். எஜமானி அடித்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வைக்கிற விதி இது என்பது என் கருத்து. 2003-ல் குறைந்தபட்சச் சம்பளம் 3,670 ஹாங்காங் டாலரிலிருந்து 3,270 ஆனது. குறைத்தது 400. அதே ஆண்டு முதலாளிகள் மேல் புதிதாகப் போட்ட மாதாந்திர வரியும் 400! கணக்கு யாருக்கும் புரியாமல் போகவில்லை, ஊர்வலம் போனார்கள்.

என்னைச் சங்கடப்படுத்துவது இன்னொன்று. ஏழு ஆண்டு இங்கே வாழ்ந்த வெளிநாட்டவர் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். நாங்கள் வாங்கியது அப்படித்தான், படிவம் நிரப்பியதோடு சரி. வீட்டுப் பணியாளர்களுக்கு அந்த ஏழு ஆண்டு கணக்கிலேயே வராது. 1986-ல் வந்த எவாஞ்சலின் வல்லெஹோஸ் வழக்குப் போட்டார். 2011-ல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார், 2013 மார்ச்சில் உச்ச நிலை நீதிமன்றத்தில் தோற்றார். எங்களுக்கு முன்பே ஹாங்காங் வந்த ஆத்தே இன்னமும் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு 2022 பிலிப்பைன்ஸ் அதிபர் தேர்தல் எனக்குக் குழப்பமாக இருந்தது. அந்த ஏப்ரலில் கென்னடி டவுனில் வாக்களிக்க வெயிலில் நீண்ட வரிசை. ஆத்தேயும் போய் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். யாருக்கு? மகன் மார்கோஸுக்கு. சம்பள உயர்வு மனுவில் யூனிஃபிலோடு கையெழுத்துப் போட்ட அதே கை. கேட்டேவிட்டேன். "சம்பளம் வேற, ஓட்டு வேற, மாம். அவங்க எங்க ஊர்க்காரங்க" என்றார். அவருடைய அம்மாவும் எண்பதுகளில் இங்கே வேலை பார்த்தவர், அந்தப் பாதிச் சம்பள ஆணை தெரிந்தவர். அவரும் மார்கோஸ் கட்சிதானாம்.

படித்தவர்கள் இதற்கு "வரலாறு மறந்த ஜனங்கள்" என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. மனுவில் கையெழுத்துப் போடவைத்ததும் ஊர்ப்பாசம்தான், மார்கோஸுக்கு ஓட்டுப் போடவைத்ததும் அதுதான். ஒன்றை மட்டும் பாராட்டி மற்றதைத் திட்டுவது எப்படி?

2025 மார்ச் 9 அன்று பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் டுடெர்டே வான் சாய் சவுத்தார்ன் அரங்கில் இங்குள்ள பிலிப்பினோக்கள் முன் பேசினார். 11-ம் தேதி மணிலாவில் இறங்கியதும் மகன் மார்கோஸின் அரசு கைது செய்தது, அங்கிருந்து ஹேகில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு. அந்த வாரம் ஆத்தேயின் கைப்பேசியில் உறவினர் குழு பற்றி எரிந்தது. டுடெர்டேயின் ஊரான டாவோவில் கல்யாணம் செய்துகொண்ட சித்தி மகள் டுடெர்டே பக்கம், இவர் மார்கோஸ் பக்கம், கைதை வரவேற்ற தோழி ஒருத்தி இரண்டு பக்கமும் இல்லை. மூவரும் உட்காருவது ஒரே அட்டைமேல். சாப்பாடு கொண்டுபோகும் முறை யாருடையது என்பதில்தான் அந்த ஞாயிறு பெரிய சண்டை நடந்ததாம்.

எங்கள் ஒப்பந்தத்தைச் சீக்கிரம் புதுப்பிக்க வேண்டும். அரசு சொல்லும் குறைந்தபட்சத்துக்கு மேல் எவ்வளவு கொடுப்பது என்று வீட்டில் பேச்சு. கணவர் சொல்லும் தொகை என்னுடையதைவிடக் குறைவு. ஆத்தே சொல்லும் தொகை இரண்டையும்விட அதிகம், யூனிஃபில் துண்டறிக்கையில் அச்சாகியிருப்பது அது.