ஒரே பத்திரிகை, ரெண்டு கணக்கு

ஆபீஸ்ல ஒரு பையன் கல்யாணப் பத்திரிகையோட வந்தா மேனேஜர் வாயில முதல்ல வர்றது "வாப்பா, இனிமே பொறுப்பு வந்துரும்". அடுத்த அப்ரைசல்ல குடும்பஸ்தன் ஆயிட்டான், ஏதாச்சும் பாத்து பண்ணணும்னு பேசிக்குவாங்க. அதே பத்திரிகையை ஒரு பொண்ணு நீட்டட்டும், வாழ்த்து சொல்லி முடிக்கிறதுக்குள்ள "மாப்பிள்ளைக்கு எந்த ஊரும்மா?" அக்கறைலாம் ஒண்ணும் இல்ல, இவ எப்போ வேலையை விடுறேன்னு பேப்பர் போடுவா, கிளையன்ட்கிட்ட என்ன சொல்லி சமாளிக்கிறதுங்கிற கணக்கு. பெங்களூர்னு சொல்லிட்டா போச்சு, அன்னைக்கே பேக்கப் ஆள் தேட ஆரம்பிச்சிருவாங்க.

ஒரு காலத்துல இதை விதியாவே எழுதி வச்சிருந்தாங்க. 1949-ல ஐஎஃப்எஸ்ல, அதாவது வெளியுறவுப் பணியில சேர்ந்த முதல் பெண் முத்தம்மா. அந்த சர்வீஸ்ல பெண் அதிகாரி கல்யாணம் பண்ணணும்னா அரசாங்கத்துக்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும், அப்புறம் குடும்பத்தால வேலை கெடுதுன்னு அவங்களுக்கு தோணுனா ராஜினாமா பண்ணச் சொல்லலாம், ஆம்பளைக்கு அதெல்லாம் கிடையாது. முத்தம்மா சுப்ரீம் கோர்ட்டுக்கே போனாங்க. 1979 தீர்ப்புல நீதிபதி கிருஷ்ணய்யர் நறுக்குன்னு கேட்டாரு, குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல்னா அது ஆம்பள அதிகாரிக்கும் தானே வரும்னு. அதோட முடிஞ்சுதான்னா இல்ல, 1981-ல ஏர் இந்தியா ஏர்ஹோஸ்டஸ் கேஸ்ல முதல் கர்ப்பத்தோட வேலை போயிரும்ங்கிற விதியை தூக்கிப்போட்ட அதே கோர்ட்டு, சேர்ந்து நாலு வருஷத்துக்குள்ள கல்யாணம் பண்ணா வேலை போகும்ங்கிறதை மட்டும் சரின்னு விட்டுருச்சு.

இப்ப அப்படி யாரும் எழுதி வைக்கிறதில்ல, இன்டர்வியூல வாயால கேட்டுக்குறாங்க. 2017-ல பேறுகால லீவை 12 வாரத்துலருந்து 26 வாரமாக்குனது நல்ல விஷயம் தான், ஆனா ஈஎஸ்ஐங்கிற தொழிலாளர் காப்பீடு இல்லாத இடத்துல அந்த சம்பளம் மொத்தமும் கம்பெனி தலையில, தனியார்ல அப்பாவுக்கு லீவு குடுத்தே ஆகணும்னு சட்டமும் இல்ல. அப்புறம் முப்பது வயசுக்குள்ள ஒரு பொண்ணு ரெஸ்யூம் வந்தா ஹெச்ஆர் மனசுல என்ன ஓடும்? அப்பாவுக்கும் நாலு மாசம் கட்டாய லீவுன்னு வரட்டும், ரெண்டு பேரும் ஒரே செலவு தான்னு ஆனா தான் இந்தக் கேள்வி நிக்கும்னு நினைக்கிறேன்.

போன மாசம் இன்டர்வியூ பேனல்ல என் பக்கத்துல இருந்தவர் ஒரு பொண்ணுகிட்ட "ஃபேமிலி பிளான் ஏதும் இருக்கா?"ன்னு கேட்டுட்டார். அடுத்து வந்த பையனுக்கும் புதுசா கல்யாணம் ஆனது தான், இப்ப அதே கேள்வியை இவர்கிட்டயும் கேளுங்க சார்னேன். "அவர்கிட்ட எதுக்கு மேடம்"னு சிரிச்சிட்டு, ஜாவால எத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு ஆரம்பிச்சிட்டார்.