போடாதீங்கன்னு சொல்லல

பொதுக்கொள்கை படித்த காலத்தில் நாங்களே நடத்திய மாணவர் இதழுக்கு ஆசிரியராக இருந்தபோது, ஒரு கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்துவிட்டேன். எடுத்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த நினைப்பு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் நிலைத்ததில்லை.

கட்டுரை ரேஷன் கடைகளில் கைரேகை வைப்பதைப் பற்றியது. எழுதியவன் எனக்கு ஒரு வருடம் இளையவன். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்கு வருமான வரம்பு கிடையாது. 2011 முதல் அரிசிக்கு விலையும் கிடையாது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் 2016 நவம்பரில் நாம் வந்தபோதும் எல்லோருக்குமான முறையைக் கைவிடவில்லை. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள். யாரையும் வெளியே தள்ளாத திட்டம் என்று பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். 2020-இல் கைரேகைச் சரிபார்ப்பு வந்த பிறகு அந்தப் பெருமை கடை வாசலில் என்ன ஆகிறது என்பதுதான் அவன் கேள்வி.

ரேகை விழாவிட்டால் பொருளை மறுக்கக் கூடாது, வேறு வழியில் கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. தாளில் அதில் குறையே இல்லை. கடையில் நின்று பார்த்தால் சர்வர் கிடைக்காது. ஓடிபி மகனுடைய நம்பருக்குப் போகும், மகன் திருப்பூரில் ஷிப்டில் இருப்பான். ரேகை இல்லாமல் போட்ட பில் அதிகமானால் ஏன் என்று மேலிருந்து கேட்பார்கள். இந்த இடைவெளியை ஒரு கடையின் விற்பனையாளர் தன் சொந்தப் பொறுப்பில் அடைத்துக்கொண்டிருந்தார். அதைத்தான் அவன் கண்டுபிடித்து வந்தான்.

ஒரு லாங் சைஸ் நோட்டு. அதன் மேல் ஓரத்தில் ஓட்டை போட்டு நூலில் கட்டிய பேனா. அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம், எத்தனை கிலோ, தேதி. ரேகை விழாதவருக்கு அரிசியை முதலில் கொடுத்துவிடுவார். மாதம் முடிவதற்குள் என்றைக்காவது விரல் விழுந்தால் அன்றைக்குப் பில் போட்டு, அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம். சில வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலில் ‘சித்தாள்’, ‘பாத்திர வேலை’ என்று எழுதியிருந்தது. நாளைக்கு யாராவது கேட்டால் ரேகை ஏன் விழவில்லை என்று சொல்வதற்காகவாம். அவன் எடுத்துவந்த போட்டோவில் நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பில் இல்லாமல் அரிசி போனால் இருப்பு குறையும். ஆய்வுக்கு வருகிறவர் மூட்டையை நிறுத்துப் பார்த்தால் குறைவுக்கான அபராதம் விற்பனையாளர் தலையில்தான் விழும். தெரிந்தேதான் அந்த அம்மா செய்துகொண்டிருந்தார்.

பேர் போட வேண்டாம், மற்றபடி எழுதிக்கொள் என்று முதலில் அவனிடம் சொல்லியிருக்கிறார். அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள், ஆசிரியர் என்ற முறையில் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளலாம் என்று நான் போன் செய்தேன். நோட்டைப் பற்றிய பத்தியை அப்படியே வாசித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் யாரோ எண்ணெய் வந்துவிட்டதா என்று கேட்டது காதில் விழுந்தது. “இன்னும் வரலைம்மா” என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: “நான் போடாதீங்கன்னு சொல்லல பாப்பா. போட்டா இந்த நோட்டைக் கிழிச்சுப் போட்டுருவேன். அவ்ளோதான்.”

இதை நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு விதத்தில் அது வேண்டாம் என்பதற்கு மரியாதையான பெயர். கல்லூரிப் பிள்ளையிடம் நேராக மறுக்கத் தோன்றாமல் சுற்றிச் சொல்லியிருக்கிறார். இன்னொரு விதத்தில் அவர் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொன்னார், முடிவை எங்களிடம் விட்டார். “அவ்ளோதான்” என்றபோது குரலில் பயம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அன்றைக்கு நான் முதல் விதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “அவங்க வேணாம்னு சொல்லலையேக்கா. நீங்களா ஏன் முடிவு பண்றீங்க? அந்த நோட்டு இல்லன்னா இது அரசாணையோட சுருக்கம்தான்.” பேரை எடுத்தாயிற்று, ஊரையும் எடுத்துவிடலாம் என்றான். கட்டுரையில் ஏரிக்கரை வருகிறது, கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளி வருகிறது. அந்த வட்டாரத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்கு இருப்பது சில கடைகள்தான், பெண் விற்பனையாளர் இன்னும் குறைவு, தெரிந்தவர் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். அப்படியானால் ஏரியையும் பள்ளியையும் எடுத்துவிடலாம், நோட்டை வைத்துக்கொள்வோம் என்றான். இதற்கு நான் சொன்ன பதிலில்தான் எனக்கு இன்றைக்கும் நிம்மதியில்லை. நோட்டு என்று ஒன்று இருக்கிறதென்று அச்சில் வந்தாலே எல்லாக் கடையிலும் நோட்டைத் தேடுவார்கள் என்றேன். தனிச்சுற்றுக்கு மட்டும் என்று போட்டு, துறைகளுக்கும் சில நூலகங்களுக்கும் போய்ச் சேரும் ஒரு மாணவர் இதழுக்கு அவ்வளவு கை நீளமா? நான் மிகையாகப் பயந்திருக்கலாம். ஆனால் அந்தத் துறைகளில் படிப்பவர்களில் சிலர்தான் நாளைக்கு அந்தக் கடையை ஆய்வு செய்யும் இடத்தில் உட்காரப்போகிறவர்கள் என்பதும் உண்மைதானே.

வேறு வழி இருக்கிறது என்று அப்போது நம்பினேன். தகவல் உரிமைக்கு மாநில அளவில் சட்டம் இயற்றியதில் தமிழ்நாடுதான் முதல், 1997-இல். 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 6(2) பிரிவு, கேட்பவர் எதற்காகக் கேட்கிறோம் என்றே சொல்லத் தேவையில்லை என்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் தாலுகாவில் ரேகை இல்லாமல் போட்ட பில் மாதவாரியாக எத்தனை என்று கேட்டு அனுப்பினோம். 30 நாள் கெடு முடியும் சமயத்தில் பதில் வந்தது: கேட்ட வடிவில் தகவல் தொகுத்து வைக்கப்படவில்லை. மேல்முறையீடு செய்வதற்குள் செமஸ்டர் முடிந்துவிட்டது. மாணவர் இதழில் இது பெரிய பலவீனம். எங்கள் கேள்விகளுக்கு எங்களைவிட ஆயுள் அதிகம்.

கேட்பவரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. சொல்பவரை? முறைகேட்டை வெளியே சொல்பவருக்கான பாதுகாப்புச் சட்டம் 2014-இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. வந்திருந்தாலும் இந்த அம்மாவுக்கு அதில் இடம் இருந்திருக்காது. அவர் யாருடைய ஊழலையும் சொல்லவில்லை, தானே ஒரு விதியை மீறி நாலு பேருக்குச் சோறு போடுகிறார். நிர்வாகத்தைப் பற்றிய எங்கள் படிப்பில் இவருக்குத் தலைப்பு உண்டு, மக்களை நேரில் பார்க்கும் ஊழியர் தானே முடிவெடுப்பதைக் கடைநிலை ஊழியரின் விருப்புரிமை என்று பரீட்சையில் எழுதுவோம். ஆய்வு அறிக்கையில் அதற்குப் பேர் இருப்புக் குறைவு.

பத்தி இல்லாமல் கட்டுரை வந்தது. நன்றாக இருப்பதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், மாணவர்கள் இவ்வளவு நிதானமாக எழுதுவது அபூர்வம் என்று கடிதமே போட்டிருந்தார். அதை அவனிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தான், ஒன்றும் சொல்லவில்லை. அந்த நிதானம் எங்கிருந்து வந்ததென்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடுத்த வருடம் அவன் ஆசிரியரானான். பேசியவரிடம் அவர் பகுதியை வாசித்துக் காட்டி, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்வது, நாமாக அர்த்தம் பண்ணக் கூடாது என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தான். நல்ல வழக்கம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. வேலையில் இருப்பவர், அதுவும் பெண், அதிகாரம் உள்ள இடத்தைப் பார்த்துப் பேசும்போது வார்த்தையும் மனசும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இதை அவனிடம் சொன்னேன். “அப்போ அவங்க மனசு உங்களுக்குத் தெரியும்னு நீங்க எப்படிக்கா சொல்றீங்க?” என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான்.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வரும் என்று தொடங்கினார்கள். மனசார வரவேற்கிறேன். மூட்டுவலியோடு வரிசையில் நிற்கும் பாட்டிகளை நினைத்தால் இது எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் அந்த நோட்டில் இருந்தவர்கள் எல்லோரும் வயதானவர்கள் இல்லை. சிமென்ட் கலந்து கலந்து, சபீனா போட்டுத் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துபோன நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் அதில் நிறைய இருந்தார்கள். அவர்களுக்கு 70 ஆக இன்னும் வெகுகாலம் இருக்கிறது. விரல் தேய்வது வயதால் மட்டும் இல்லை, வேலையாலும்தான் என்பதை நாங்கள் பார்த்த வேறு எந்தத் தாளும் சொல்லவில்லை. பென்சிலில் எழுதிய அந்த இரண்டு மூன்று சொற்கள்தான் சொல்லின.

நாங்கள் அதை அச்சிட்டிருந்தால் யாராவது படித்துத் திட்டத்தில் ஒரு வரி சேர்த்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அச்சிட்டிருந்தால் அந்த மாதம் ஒரு சித்தாளுக்கு அரிசி கிடைக்காமல் போயிருக்கும் என்பதை மட்டும் நம்புகிறேன். இப்போது என் வேலையே கொள்கைக் குறிப்புகள் எழுதுவதுதான். பயனாளிகள் பற்றிய பகுதியில் வயது, பாலினம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் தொழில் என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அந்த நோட்டைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.