கொடி விழாத குழந்தை

ஜூன் 9, 2024
அக்கா மகனுக்கு ஒரு மாதம் ஆகப்போகிறது, தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் காய்ந்து தானாக விழுந்துவிடும். இன்று குளிப்பாட்டும்போது பார்த்தால் கொடியைச் சுற்றித் தோல் சிவந்து கன்றியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது, ஆனால் துளி சீழ் இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி விளக்கெண்ணெய் தடவச் சொன்னார்கள், நான் விடவில்லை. காலையில் முதல் வேலையாக டாக்டரிடம்.

ஜூன் 11
அட்மிட் செய்துவிட்டார்கள். ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை எகிறி 62,000 காட்டுகிறது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்டது, "சொந்தத்தில் கல்யாணமா?" ஆமாம், அக்காவைக் கட்டியிருப்பது எங்கள் தாய்மாமா. உடனே ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு, அதாவது அணுக்களின் மேலிருக்கும் புரதங்களைப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு, ரத்தம் எடுத்தார்கள்.

ஜூன் 15
ரிசல்ட் வந்துவிட்டது, எல்ஏடி-1. வெள்ளையணுக்களால் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி நிற்க முடியாத பரம்பரை நோய். குழந்தையின் வெள்ளையணுக்களில் சிடி18 என்கிற புரதம் ஒரு சதவீதம்கூட இல்லை. டாக்டர் பேப்பரில் படம் போட்டு விளக்கினார். புண் வந்தால் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணு வேகம் குறைந்து, ரத்தக்குழாயின் சுவரைப் பிடித்து நின்று, சந்து வழியாக வெளியேறிக் கிருமி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அப்படிப் பிடித்து நிற்க அதன் மேற்பரப்பில் இருக்கும் கைதான் சிடி18. அது இல்லாவிட்டால் அணுக்கள் புண்ணைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் எண்ணிக்கை எகிறுவதும் அதனால்தான், புண்ணில் சீழ் பிடிக்காததும் அதனால்தான், ஏனென்றால் சீழ் என்பதே பெரும்பாலும் செத்த வெள்ளையணுக்கள். கொடி விழுவதற்கும் இதே அணுக்கள் வந்து வேலை செய்தாக வேண்டுமாம்.

இவ்வளவு குறைவாக இருந்தால், எலும்பு மஜ்ஜை மாற்றாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. இதையும் சொன்னார். அக்கா ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 18
பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அக்கா மாசமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாள் என்று விசாரிக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கோளாறு 21ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில், அவள் தட்டில் இல்லை. பழுதான பிரதி ஒன்று மட்டும் இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஆயுசு முழுக்க நன்றாகவே இருப்பார்கள். தாத்தாவோ பாட்டியோ அம்மாவுக்கும் மாமாவுக்கும் அதைக் கொடுத்திருக்க வேண்டும், அம்மாவிடமிருந்து அக்காவுக்கு. அப்பா, அம்மா இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு.

ஜூலை 3
அக்காவின் பெரிய மகளுடைய மஜ்ஜை தம்பிக்குப் பொருந்துகிறது! அவளுக்கு சிடி18 சரியாகவே இருக்கிறது. வேலூரில் பதிவு செய்தாயிற்று. அதுவரை ஆன்டிபயாடிக் தொடரும், தொட்டிலருகே யார் போனாலும் முதலில் கை கழுவணும்.

ஜூலை 7
பெரியம்மா மகளைச் சின்ன மாமாவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடக்கிறது. பெரியம்மாவும் சின்ன மாமாவும் அதே தாத்தா பாட்டியின் பிள்ளைகள்தானே. நிச்சயத்துக்கு முன்னால் இரண்டு பேரும் அந்த மரபணுவை டெஸ்ட் பண்ணிக்கொள்ளட்டும் என்று போன் செய்தேன். பெரியம்மா கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்கள். சரி, நாளைக்குச் சின்ன மாமாவிடமே நேரில் பேசுகிறேன்.