எழுவாயை எண்ணிப் பாருங்கள்: தலைமைத்துவப் பாடத்தை இரண்டாம் முறை எழுதியவளின் அனுபவம்

பெறுபேறு வந்து இன்றுடன் நான்கு நாட்களாகின்றன. முன்பிள்ளைப் பருவக் கல்வி டிப்ளோமாவில் தொண்டையில் சிக்கிய முள்ளாக எனக்குக் கிடந்த தலைமைத்துவமும் முகாமைத்துவமும் பாடத்தில் இம்முறை திறமைச் சித்தி கிடைத்திருக்கிறது. சென்ற முறை இதே பாடத்தில் நான் பெற்றது 31 புள்ளி. பதினொரு வருடங்களாகத் திருகோணமலைக் கரையோரத்து முன்பள்ளியொன்றின் பொறுப்பாசிரியையாக இருக்கும் ஒருத்தி, ஏனைய பாடங்கள் அனைத்திலும் சித்தியடைந்துவிட்டுத் தலைமைத்துவத்தில் மட்டும் தவறினாள் என்றால் ஊர் என்ன சொல்லும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. சாம்பல்தீவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, யாராவது பெறுபேற்றைக் கேட்டுவிடுவார்களோ என்று குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு.

இதே பாடத்தை எழுதப்போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்; வினாத்தாளின் அமைப்பும் ஒப்படைகளின் தொகையும் உங்களுக்குத் தெரிந்தவை. ஆகவே பெரும்பாலும் இரண்டாம் பகுதியின் சம்பவ வினாவைப் பற்றியே எழுதுகிறேன். என்னை விழுத்தியது அதுதான்.

முதன்முறை வந்த சம்பவம் ஏறத்தாழ இப்படி இருந்தது: மூன்று ஆசிரியைகளும் நாற்பது பிள்ளைகளும் உள்ள ஒரு முன்பள்ளியில் உதவி ஆசிரியைகள் ஆர்வமிழந்திருக்கிறார்கள், பெற்றோர் கூட்டங்களுக்கு வருகை குறைந்துகொண்டே போகிறது, பொறுப்பாசிரியையாக நீர் என்ன செய்வீர்? இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் முன்பள்ளியையே எழுதிக் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணி, மேலதிகத் தாள் வாங்கி வாங்கி எழுதினேன். மண்டபத்தைவிட்டு வெளியே வந்தபோது, வேறெந்த வினா போனாலும் இது என்னைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன்.

அந்த முதன்முறைப் பெறுபேறு வந்த இரவு, நான் எழுதிய விடையை நினைவிலிருந்து ஒரு சீஆர் கொப்பியில் மீண்டும் எழுதிப் பார்த்தேன். பக்கத்தில் ஒன்பதாம் தரத்தில் படிக்கும் என் மகள் தமிழ்ப் பாடத்துக்கு எழுவாய், பயனிலை கண்டுபிடித்துக் கோடிட்டுக்கொண்டிருந்தாள். விளையாட்டாக என் விடைக்கும் பென்சிலால் கோடிட ஆரம்பித்தவள் சற்று நேரத்தில் சொன்னாள்: “அம்மா, எல்லா வசனத்திலயும் எழுவாய் ஒண்டுதானே.” எண்ணிப் பார்த்தோம். 14 வசனங்களில் 13இன் எழுவாய் பொறுப்பாசிரியை. பொறுப்பாசிரியை கூட்டம் கூட்டுவார், பொறுப்பாசிரியை அறிவுறுத்துவார், பொறுப்பாசிரியை மேற்பார்வை செய்வார், பொறுப்பாசிரியை பெற்றோருக்குக் கடிதம் அனுப்புவார். எஞ்சிய ஒரு வசனத்தின் எழுவாய் ‘அறிக்கை’. பிள்ளை ஒரு வசனத்தில்கூட எழுவாயாக வரவில்லை.

இந்தப் பாடத்தில் நான் கற்ற மிகப் பெரிய விடயம் இதுவே என்று சொன்னால் மிகைப்படுத்துவதாகத் தோன்றலாம், தோன்றட்டும். பொறுப்பைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் ‘பகிர்ந்தளிக்கப்பட்ட தலைமைத்துவம்’ என்றால் என்ன என்று முதலாம் பகுதியில் அழகாக வரைவிலக்கணம் எழுதிவிட்டு, இரண்டாம் பகுதியில் எல்லாவற்றையும் ஒருத்தியின் தலையில் சுமத்தி எழுதுபவருக்கு எந்தப் பரீட்சகர் புள்ளி போடுவார்?

எழுத்தில் இருந்த கோளாறு எழுத்தோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குக் கசந்தது. அந்த முதற்பரீட்சைக்குப் படிப்பதற்காக மூன்று நாள் லீவு எடுத்திருந்தேன். வர்ணங்கள், கத்தரிக்கோல்கள், கதைப் புத்தகங்கள் எல்லாம் உள்ள அலுமாரியின் திறப்பு அந்த மூன்று நாளும் என் கைப்பைக்குள் கிடந்தது. திரும்பிப் போனபோது சுவரில் ஒரு புதிய படமும் இல்லை. பிள்ளைகள் மூன்று நாளும் சிப்பி பொறுக்கி மணலில் விளையாடியிருந்தார்கள் (அதில் தவறில்லை, ஆனால் மூன்று நாளும்). ஏன் கேட்கவில்லை என்றதற்கு உதவி ஆசிரியை சொன்னார்: “திறப்பு உங்களிட்டத்தானே ரீச்சர் இருந்தது. கோல் எடுப்பம் எண்டு நினைச்சம், பிறகு படிக்கிற நேரத்தில ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டம்.” அன்று அதை அவரது பணிவு என்று எடுத்துக்கொண்டு மகிழ்ந்தேன்.

இரண்டாம் முறை படிக்கத் தொடங்கியபோது, முதன்முறை வெறும் பெயராக மனப்பாடம் செய்த உளவியலாளர் கேர்ட் லெவினின் ஆய்வு வேறுவிதமாகத் தெரிந்தது. லெவின், லிப்பிட், வைட் ஆகியோர் 1939இல் வெளியிட்ட அந்த ஆய்வை நாமெல்லாரும் எதேச்சாதிகாரம், சனநாயகம், தலையிடாமை என்று மூன்று சொற்களாகச் சுருக்கி எழுதிவிட்டுப் போகிறோம். பத்து வயதளவான சிறுவர்களைக் குழுக்களாக்கி, கைவேலை கொடுத்து, தலைவர் அறையைவிட்டு வெளியேறும்போது என்ன நடக்கிறது என்பதையும் அவர்கள் அவதானித்தார்கள். எதேச்சாதிகாரத் தலைவர் வெளியே போனதும் அவரது குழுவில் வேலை படுத்துவிட்டது. சனநாயகக் குழுவில் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. இதை வாசித்தபோது எனக்கு அலுமாரித் திறப்புத்தான் நினைவுக்கு வந்தது. அதன்பின் அந்த ஆய்வை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்கவில்லை.

இனி, சம்பவ வினாவுக்கு நான் பழகிய முறை. ஒரு தாளில் நான்கு பெயர்களை எழுதிவைப்பேன்: பொறுப்பாசிரியை, உதவி ஆசிரியை, பெற்றோர், பிள்ளை. விடையின் ஒவ்வொரு வசனமும் யாருக்குச் சொந்தம் என்று பார்த்து அந்தந்தப் பெயரின் கீழ் ஒரு கோடு. பொறுப்பாசிரியைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் அந்த விடையைத் திருப்பி எழுதுவேன். உதாரணமாக, முன்பு நான் எழுதிய வசனம்: “பொறுப்பாசிரியை வாராந்தத் திட்டத்தைத் தயாரித்து உதவி ஆசிரியைகளுக்கு வழங்குவார்.” இம்முறை எழுதியது: “உதவி ஆசிரியை தாம் அந்த வாரத்தில் அவதானித்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிக் கூறுவார்; அதிலிருந்து அடுத்த வாரத்துக்கான செயற்பாட்டை மூவரும் தெரிவுசெய்வர்; பொறுப்பாசிரியை அதற்குரிய நேரத்தையும் பொருளையும் ஒழுங்குசெய்வார்.” இரண்டும் ஒரே வேலையைப் பற்றியவைதான். இரண்டாவதில் பொறுப்பாசிரியைக்கும் வேலை இருக்கிறது, ஆனால் அவர் மற்றவர்களின் வழியை மறித்துக்கொண்டு நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள். “கூட்டம் கூட்டப்படும், பெற்றோர் அறிவுறுத்தப்படுவர்” என்று எழுதினால் எழுவாய் மாறியதுபோலத் தோன்றும். உள்ளே அதே அம்மணிதான் இருப்பார். ஒப்படைகளில் நான் இதைச் செய்து அகப்பட்டிருக்கிறேன். “யாரால்?” என்ற ஒரே சொல்லைச் சிவப்பு மையில் மூன்று இடங்களில் எழுதித் திருப்பித் தந்திருந்தார்கள்.

மனப்பாடம் நன்றாக வருபவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டிச் செல்லலாம். எனக்கு வராது, ஆகவே குறைந்த பெயர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரு காட்சியோடு கட்டிவைத்தேன்.

- லெவின், 1939: அலுமாரித் திறப்பு. மேலே சொன்னது.
- பேர்ன்ஸ், 1978; பாஸ், 1985: வெகுமதி கொடுத்து வேலை வாங்கும் பரிமாற்றத் தலைமையும், நோக்கத்தை ஊட்டி ஆட்களையே மாற்றும் நிலைமாற்றத் தலைமையும். இரண்டு வரி போதும். முன்பள்ளி ஆசிரியைகளின் கொடுப்பனவு இருக்கும் நிலையில், வெகுமதி கொடுத்து ஊக்குவிக்கலாம் என்று எழுதுவதற்கு முன் எந்தப் பணத்தில் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.
- ரெஜியோ எமிலியா: இத்தாலிய நகரம், 1963இல் முதலாவது நகரசபை முன்பள்ளி, அந்த முன்பள்ளிகளின் கல்வி முறையை வழிநடத்திய லோரிஸ் மலகுஸி. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் சமநிலையில் பணியாற்றுகிறார்கள். அதிபர் என்று ஒருவர் இல்லை. தலைவரில்லாத இடத்திலும் தலைமைத்துவம் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.
- ஈ.பி.பி.ஈ (EPPE) ஆய்வு: முன்பள்ளிக் கல்வியின் பயனைப் பற்றியது, இங்கிலாந்தில் 1997இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைத் தொடர்ந்தது. பொறுப்பாளரின் கல்வித் தகைமை உயர்ந்த நிலையங்களில் தரமும் பிள்ளைகளின் முன்னேற்றமும் கூடியிருந்தன. பயிற்சியின் அவசியம் பற்றிய எந்த வினாவுக்கும் உதவும்.

இந்த வரிசையில் அடங்காதது, 2007இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவகம் வெளியிட்ட இராம் சிராஜ்-பிளாட்ச்ஃபோர்ட், லோரா மன்னி ஆகியோரின் ஆய்வு. முன்பிள்ளைப் பருவ நிலையங்களில் வினைத்திறன்மிக்க தலைமைத்துவம் எப்படியிருக்கும் என்று நேரடியாகப் பேசுவது அதுவே என்பதால், ஒன்றைத்தான் ஆழமாகப் படிக்க நேரமிருக்கிறதென்றால் இதைப் படியுங்கள். அதன் அடித்தளம் மூன்று: தன் நிலையத்தின் சூழலை வாசிக்கும் ஆற்றல், கூட்டாக இயங்குவதில் உறுதி, எல்லாப் பிள்ளைகளின் கற்றற் பேறுகளையும் மேம்படுத்துவதில் உறுதி. பொதுவான முகாமைத்துவ நூல்களில் முதல் இரண்டும் வேறு பெயர்களில் கிடைக்கும். மூன்றாவதுதான் நம் துறையின் முத்திரை. கட்டட நிதி, வரவுப் பதிவேடு, கலைவிழா என்று எழுதிக்கொண்டே போய்ப் பிள்ளை என்ன கற்றது என்பதைத் தொடாமல் விடையை முடிப்பவர்கள் நம்மில் பலர்.

அந்த மூன்றாவதை எனக்குப் புரியவைத்தது ஒரு மான். திருகோணமலையில் கோட்டைப் பக்கத்து மான்கள் நகருக்குள்ளும் கடற்கரையிலும் திரிவதும், கண்டதையெல்லாம் மேய்வதும் நமக்குப் பழகிய காட்சி. ஞாயிறன்று கோணேசர் கோவிலுக்குப் போய்வந்த ஒரு பிள்ளை, திங்கட்கிழமை காலை, மான் ஏன் பொலித்தீன் சாப்பிடுகிறது என்று கேட்டது. என் திட்டப்படி அன்று வடிவங்கள்: வட்டம், சதுரம், முக்கோணம். உதவி ஆசிரியை வட்டங்களை ஓரமாக வைத்துவிட்டு, “உமக்கு என்ன தோணுது?” என்று திருப்பிக் கேட்டார். பொலித்தீனில் சோற்று வாசம் இருந்திருக்கும் என்றது ஒரு பிள்ளை. மானுக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் கடதாசி என்று நினைத்துவிட்டது என்றது இன்னொன்று. அரை மணித்தியாலம் போனது. வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான், பழைய நானாக இருந்தால் நேரசூசியைக் காட்டியிருப்பேன். அன்று காட்டவில்லை, பிள்ளைகள் சொன்னவற்றைக் கொப்பியில் எழுதிவைத்தேன். நீடித்த பகிர்வுச் சிந்தனை என்று பாடத்தில் வருவது இதுதான், அதற்கு இடம் விடுவதே கற்றலுக்கான தலைமைத்துவம். பரீட்சையில் இந்தச் சம்பவத்தை ஆறு வரியில் எழுதினேன். அதில் எனக்குச் சொந்தமான வசனம் ஒன்றே ஒன்று.

பெற்றோர் பங்கேற்பு வினாவில் எல்லோரும் ஒரே விடையைத்தான் எழுதுகிறார்கள்: கூட்டம், செய்திமடல், வீட்டுத் தரிசிப்பு. சூழலை வாசிக்கும் ஆற்றலைக் காட்ட வேண்டிய இடம் இதுவே. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேரின் அப்பாமார் கடற்றொழிலாளர். முற்பகல் பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, அப்பாமார் அக்கறையற்றவர்கள் என்று அறிக்கை எழுதியவள் நான். மாரியில் வாடைக்காற்றோடு கடல் கொந்தளிக்கும் நாட்களில் அவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். சென்ற கார்த்திகையில் கூட்டம் என்று சொல்லாமல், ஊஞ்சற் கயிறு அறுந்துவிட்டது என்று மட்டும் ஒரு தாய் வழியாகச் சொல்லியனுப்பினோம். ஐந்து பேர் வந்தார்கள். வலை முடியத் தெரிந்தவர்களுக்கு ஊஞ்சற் கயிறு ஒரு வேலையா? கயிற்றோடு ஏறி விளையாட ஒரு வலையும் கட்டித் தந்துவிட்டுப் போனார்கள். உங்கள் ஊரில் அது வயலாக இருக்கலாம், கடையாக இருக்கலாம். எழுதும்போது உங்கள் ஊரை எழுதுங்கள்.

மொழி பற்றி ஒரு மனக்குறை. பாடத்தொகுதியில் ‘பகிர்ந்தளிக்கப்பட்ட’ என்று வரும் சொல் வினாத்தாளில் ‘பரவலாக்கப்பட்ட’ என்று வந்தது. ‘பிரதிபலிப்பு’ என்று படித்தது ‘மீள்சிந்தனை’ ஆகியிருந்தது. முதன்முறை இவை வேறு வேறு கோட்பாடுகள் என்று மயங்கி ஒரு வினாவையே தவிர்த்தேன். இரு சொற்களையும் எதிரெதிரே எழுதி ஒரு பக்கப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- சம்பவ வினாவை முதலில் எழுதுங்கள். கை களைத்த பிறகு எல்லா வசனமும் பொறுப்பாசிரியையிடமே போய் நிற்கும்.
- முகாமைத்துவத்துக்கும் தலைமைத்துவத்துக்கும் வேறுபாடு கேட்டால் அட்டவணை போட்டு நிறுத்தாதீர்கள். ஒரே நாளில் இரண்டும் எங்கே மோதுகின்றன என்று ஒரு உதாரணம் தாருங்கள்.
- கடைசிப் பத்து நிமிடம் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். எழுவாய்களை எண்ணுங்கள்.
- குழுவாகப் படிப்பது எனக்குச் சரிவரவில்லை. பேச்சு சம்பளத்துக்குப் போய்விடுகிறது.

பகிர்ந்தளித்தலின் குறைகளையும் எழுதத் தயங்காதீர்கள். அலுமாரித் திறப்பு இப்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. முதல் மாதத்திலேயே நிறக்கோல் பெட்டிகள் இரண்டு காணாமற்போயின, கத்தரிக்கோலொன்று மணற்தொட்டிக்குள்ளிருந்து துருப்பிடித்து வெளிவந்தது, யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு எடுப்பவர் பெயரெழுத ஒரு கொப்பி வைத்தோம்; அதை முன்மொழிந்தவர் உதவி ஆசிரியை. இதை அப்படியே விடையில் எழுதியிருந்தேன்.

அந்த உதவி ஆசிரியைதான் வரும் தவணையில் இந்தப் பாடத்தை எழுதப்போகிறார். சென்ற சனிக்கிழமை ஒரு பழைய சம்பவ வினாவுக்கு விடையெழுதிக் கொண்டுவந்தார். இருவருமாக உட்கார்ந்து கோடிட்டோம். 12 வசனங்களில் பத்தின் எழுவாய் பொறுப்பாசிரியை. ஏன் இப்படி எழுதினீர் என்று கேட்டேன்.

“உங்களைப் பார்த்துத்தானே எழுதினன், ரீச்சர்” என்றார்.